ஏழு லீவர் என்பது தரச் சான்று அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடக்கும் வீட்டில் திருட்டு நடந்தால், மறுநாள் செய்தியில் 'பூட்டை உடைத்து உள்ளே புகுந்தனர்' என்ற ஒரே வரிதான் வருகிறது. வளையக் கம்பியை அறுத்தார்களா, நாதாங்கியை நெம்பிப் பிடுங்கினார்களா, சாவி நுழையும் சிலிண்டரை முறித்தார்களா, நிலையில் அடித்திருந்த தகடு பிய்ந்து வந்ததா என்று யாரும் எழுதுவதில்லை. இந்த நான்குக்கும் பரிகாரம் வேறு வேறு. செய்தியைப் படித்தவர் அடுத்த நாள் கடைக்குப் போய், "இருக்கறதுலயே பெரிய பூட்டாக் குடுங்க" என்று கேட்டு வாங்கி, அதே பழைய நாதாங்கியில், அதே துருப்பிடித்த முக்கால் அங்குல ஸ்க்ரூவை நம்பித் தொங்கவிடுகிறார். உங்கள் நிருபர்கள் சம்பவ இடத்தில் எந்தப் பாகம் விட்டுக்கொடுத்தது என்று கேட்டு ஒரு வரி சேர்த்தால், ஊரில் நூறு வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்துத் தங்கள் கதவைச் சரிபார்ப்பார்கள்.

கதவுக்குப் பூட்டு பொருத்தும் வேலையில் இருக்கும் எங்களிடம் வீட்டுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை லீவர்?" என்பதுதான். ஆறு, ஏழு, எட்டு, பத்து என்று அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதால் அதுவே தரம் என்று பதிந்துவிட்டது. லீவர் என்பது பூட்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தகடுகள். சரியான சாவி ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால்தான், நிலைக்குள் போய்க் கதவைப் பிடிக்கும் நாக்கு நகர வழி கிடைக்கும். தகடு கூடக் கூட, வேறு சாவி பொருந்திவிடும் வாய்ப்பு குறையும்; கம்பியை விட்டு நோண்டித் திறப்பதும் கடினமாகும். அவ்வளவுதான் அதன் பயன். வளையக் கம்பியின் எஃகு எப்படிப்பட்டது, துளைக்கும் டிரில்லைத் தடுக்கும் தகடு உள்ளே இருக்கிறதா, நாக்கு எத்தனை மில்லிமீட்டர் வெளியே வருகிறது என்பதைப் பற்றி லீவர் எண்ணிக்கை ஒரு வார்த்தையும் சொல்லாது. பூட்டிய வீட்டுக்குக் கடப்பாரையோடு வருகிறவன் லீவரை எண்ணிக்கொண்டிருக்கப் போவதில்லை.

பிரிட்டனில் பி.எஸ். 3621 என்றொரு தரம் இருக்கிறது. அங்கே வீட்டுக் காப்பீட்டு நிறுவனங்கள் பல, வெளிக்கதவில் அந்தத் தரப் பூட்டு இருக்கிறதா என்று கேட்கின்றன. லீவர் பூட்டாக இருந்தால் அதற்கு வேண்டியது ஐந்து லீவர்தான். ஆனால் அதோடு நாக்கு 20 மி.மீ. வெளியே வர வேண்டும், நாக்கை வாள் அறுக்கக் கூடாது, டிரில் துளைக்கக் கூடாது, குறைந்தது ஆயிரம் வேறுபட்ட சாவி அமைப்புகள் இருக்க வேண்டும், நிலையில் பதிக்கும் தகடும் அந்தச் சோதனையில் சேர வேண்டும். அந்த ஐந்து லீவர் பூட்டுக்கு முன்னால், தரமே எழுதாத ஏழு லீவர் பூட்டு நிற்காது.

நம் நாட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறது. கதவின் கனத்துக்குள் குழி கொத்திப் பதிக்கும் செங்குத்து மார்ட்டிஸ் பூட்டுக்கு ஐ.எஸ். 2209, மார்ட்டிஸ் டெட்லாக்குக்கு ஐ.எஸ். 7540, பூட்டு மாட்டும் இரும்பு ஆல்ட்ராப்புக்கு ஐ.எஸ். 281, டவர் போல்ட் என்ற தாழ்ப்பாளுக்கு ஐ.எஸ். 204. முத்திரையின் தலைமேல் இந்த எண்ணும், காலடியில் சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த உரிம எண்ணைப் போட்டுப் பார்த்தால், அது எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த உரிமம் என்று வரும். கடையிலேயே நின்றுகொண்டு ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். வெறும் முத்திரை மட்டும் அச்சிட்டு, மேலும் கீழும் எண் இல்லாத பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இந்த முத்திரை, பூட்டு குறைந்தபட்சத் தேவையைத் தாண்டியிருக்கிறது என்று சொல்கிறது. எத்தனை படி தாண்டியது என்பதை முத்திரையைப் பார்த்து அறிய முடியாது. அதனால்தான் இன்றைக்குக் கடைக்காரர்கள் ஐரோப்பிய, அமெரிக்கத் தரங்களின் பெயரைச் சொல்லி விற்கிறார்கள். ஏமாற்றம் நடப்பதும் அங்கேதான்.

முதல் குழப்பம் 'கிரேடு 1'. அமெரிக்கத் தரத்தில், அதாவது ஏ.என்.எஸ்.ஐ. – பி.எச்.எம்.ஏ. என்று போட்டிருக்கும் பூட்டில், கிரேடு 1 என்பது உச்சம். 3 என்பது அடி. ஐரோப்பியத் தரத்தில், இ.என். என்று தொடங்குவதில், 1 என்பது அடி. எண் ஏற ஏறத் தரமும் ஏறும். எழுத்திலும் இதே தலைகீழ். அமெரிக்க வீட்டுப் பூட்டுத் தரத்தில் 'ஏ' சிறந்தது, 'சி' கடைசி. ஐரோப்பிய சிலிண்டர் தரத்தில் தாக்குதலைத் தாங்கும் திறனுக்கு 'ஏ' தான் தொடக்கப் படி, 'டி' உச்சம். ஆகவே 'கிரேடு 1' என்றோ 'ஏ கிரேடு' என்றோ மட்டும் சொன்னால், எந்த நாட்டுத் தரம், என்ன எண் என்று உடனே கேளுங்கள். அதைச் சொல்ல முடியாதவருக்கு அந்த கிரேடும் தெரியாது.

இரண்டாவது குழப்பம், 'இ.என். 1303 சான்று பெற்றது' என்ற வாசகம். இப்போது காரைக்குடியில் புதிதாகக் கட்டும் வீடுகள் பெரும்பாலும் கைப்பிடியோடு கூடிய சிலிண்டர் பூட்டுக்கு வந்துவிட்டன. அந்தச் சிலிண்டருக்கான ஐரோப்பியத் தரம்தான் இ.என். 1303. ஆனால் அந்தத் தரத்துக்குள் ஆறு படிகள் இருக்கின்றன. முதல் படிக்கு 100 சாவி வேறுபாடு இருந்தால் போதும், உள்ளே சாவி தூக்கும் சிறு ஊசிகள், அதாவது 'பின்', இரண்டே இரண்டு இருந்தாலும் போதும். ஆறாம் படிக்கு 1,00,000 வேறுபாடும் ஆறு பின்னும் வேண்டும். இரண்டு பூட்டும் 'இ.என். 1303' என்று போட்டுக்கொள்ளலாம். இரண்டுமே பொய் சொல்லவில்லை.

எனவே எட்டு இடம் கொண்ட குறியீட்டைப் பெட்டியிலோ கூடவரும் தாளிலோ தேடிப் படிக்க வேண்டும். உதாரணத்துக்கு '1 6 0 பி 0 சி 6 டி' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் எண் பயன்பாட்டு வகை. எல்லாச் சிலிண்டருக்கும் 1 தான். இரண்டாவது எண் உழைப்பு: 4 என்றால் 25,000 முறை, 5 என்றால் 50,000 முறை, 6 என்றால் 1,00,000 முறை சாவி திருப்பிச் சோதித்தது. மூன்றாவதும் ஐந்தாவதும் நமக்கு வேண்டாம். நான்காவது தீத் தாங்கும் கதவுக்கானது. ஆறாவது துருவும் வெப்பமும்: 'ஏ' என்றால் துருவை நன்கு தாங்கும், 'பி' என்றால் உறைநிலைக்குக் கீழே 25 முதல் மேலே 65 டிகிரி வரை வேலை செய்யும், 'சி' என்றால் இரண்டும். ஏழாவது எண்தான் நாம் மேலே சொன்ன ஆறு படி. எட்டாவது, கருவிகொண்டு தாக்குவதைத் தாங்கும் திறன்: 0 என்றால் டிரில்லால் துளைப்பது, உளி வைத்து அடிப்பது, முறுக்குவது, இழுத்துப் பிடுங்குவது ஆகிய சோதனைகள் அதற்கு நடக்கவே இல்லை. ஏ, பி, சி, டி என்று மேலே போகும். பழைய 2005-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி அச்சிட்ட பெட்டிகளில் இந்தக் கடைசி இடத்தில் எழுத்துக்குப் பதில் 0, 1, 2 என்று இருக்கும். அதில் 2 உயர்ந்தது.

கண்ணை இரண்டாவது எண்ணில் வைக்காமல் கடைசி இரண்டு இடங்களில் வையுங்கள் என்பதே எங்கள் முறையீடு. விற்பவர் எல்லோரும் 'ஒரு லட்சம் தடவை டெஸ்ட் பண்ணினது' என்பதைத்தான் சொல்கிறார்கள். நாளைக்கு இருபது முறை திறக்கும் வீட்டில் ஒரு லட்சம் முறை என்பது பதின்மூன்று ஆண்டுக்கு மேல் வரும். ஆனால் திருவிழாவுக்கும் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும் செட்டிநாட்டு வீட்டு முன்கதவுக்கு அந்த எண்ணால் என்ன லாபம்? அங்கே வேண்டியது ஏழாவதில் குறைந்தது 4, முடிந்தால் 6. எட்டாவதில் 0 இல்லாத ஏதாவது, முடிந்தால் டி. ஆறாவதில் ஏ அல்லது சி, ஏனென்றால் மாதக்கணக்கில் திருப்பாமல் கிடக்கும் பூட்டில் உள்ளே ஸ்பிரிங்கில் பிடிக்கும் துருதான் சாவியை முறிக்கிறது.

இந்தக் குறியீட்டுக்குள் வராத ஒரு பலவீனமும் உண்டு. சிலிண்டரின் நடுவில், பூட்டோடு இணைக்கும் எம்-5 திருகு போகும் துளை இருக்கும் இடத்தில், பித்தளை மிகவும் மெல்லிசு. சிலிண்டர் கதவுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அதைப் பிடித்து அந்த இடத்தில் முறித்துவிட முடியும். இ.என். 1303 இந்த முறிப்பைத் தனியாகச் சோதிப்பதில்லை. அதற்காகத்தான் பிரிட்டனில் டி.எஸ். 007 என்ற நட்சத்திரக் கணக்கு வந்தது. மூன்று நட்சத்திரச் சிலிண்டர் வாங்கலாம்; அல்லது ஒரு நட்சத்திரச் சிலிண்டரையும் இரண்டு நட்சத்திரக் கைப்பிடித் தகட்டையும் சேர்த்து மூன்றாக்கலாம். நம் ஊர்க் கடையில் நட்சத்திரம் கிடைக்காவிட்டாலும் அளவைச் சரியாக எடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். கைப்பிடித் தகட்டுக்கு வெளியே சிலிண்டர் 3 மி.மீ.க்கு மேல் நீட்டக் கூடாது.

அளவு எடுக்கும் முறை இது. திருகுத் துளையின் நடுவிலிருந்து வெளிப்பக்க நுனி வரை ஓர் அளவு, உட்பக்க நுனி வரை ஓர் அளவு. கதவு 45 மி.மீ., இருபக்கத் தகடும் தலா 8 மி.மீ. என்றால் மொத்தம் 61; பூட்டு நடுவில் உட்கார்ந்தால் 30/30 சிலிண்டர். பழைய தேக்குக் கதவு 65 மி.மீ. இருந்தால் மொத்தம் 81, அதற்கு 40/40. விளிம்பில் படி வெட்டிய கதவாக இருந்து பூட்டு நடுவில் உட்காராமல் ஒருபக்கம் ஒதுங்கினால் 35/45 என்று இரண்டு பக்கமும் வேறு வேறு அளவாக வரும். கடையில் இருப்பில் உள்ளது பெரும்பாலும் 60 அல்லது 70 மி.மீ. என்பதால், 'கொஞ்சம் நீட்டிக்கிட்டிருந்தா பரவாயில்லை' என்று கொடுத்துவிடுவார்கள். அந்தக் 'கொஞ்சம்' வெளிப்பக்கம் வந்தால் பூட்டு வாங்கிய பணம் வீண். வரவழைத்துத் தரச் சொல்லிக் காத்திருங்கள்.

தொங்கு பூட்டுக்கு வருவோம். பெட்டியில் 50, 65, 75 மி.மீ. என்று போட்டிருப்பது உடம்பின் அகலம். வளையக் கம்பியின் கனமும், அது பதம் ஏற்றிய எஃகா என்பதும்தான் முக்கியம். இதற்கான ஐரோப்பியத் தரம் இ.என். 12320, 1 முதல் 6 வரை படி. நான்காம் படியில் வளையத்தை 30 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ மூன்று டன் எடைக்குச் சமமான விசையில் இழுத்தாலும் விடக் கூடாது. ஆறாம் படியில் 100 கிலோநியூட்டன், பத்து டன். அதே தரம் நாதாங்கிக்கும் பொருந்தும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தரம் எழுதாத பூட்டாக இருந்தால், வாங்கி வந்தபின் வளையத்தில் வெளியே தெரியாத இடத்தில் அரத்தை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். மேல்பூச்சு போனபின் அரம் கடித்து இரும்புத்தூள் உதிர்ந்தால் அது பச்சை இரும்பு. அரம் பிடிக்காமல் வழுக்கினால் பதம் ஏற்றியது. வளையம் வெளியே அதிகம் தெரியாதபடி உடம்பே தோள் தூக்கி மறைக்கும் வகைப் பூட்டில் வெட்டுக்கருவி நுழைய இடம் இருக்காது. நாதாங்கித் துளையை வளையம் நிறைத்து நிற்க வேண்டும். இடைவெளி இருந்தால் அதில் கம்பி போட்டுத் திருகுவார்கள்.

திண்டுக்கல் பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. காரைக்குடி கண்டாங்கிச் சேலையோடு சேர்த்து 2019 ஆகஸ்டில் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் மாவட்டங்களின் கைவினைக்குக் கிடைத்த மரியாதை அது. எங்களுக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் புவிசார் குறியீடு, பூட்டு எந்த ஊரில், எந்த மரபில் செய்தது என்பதற்குச் சான்று. எத்தனை டன் இழுவையைத் தாங்கும் என்பதற்கு அல்ல. கையால் அரம் போட்டு ஒவ்வொரு சாவியும் தனித்தனியாகச் செய்யும் நல்ல பட்டறைப் பூட்டில் சாவி மாறிப் பொருந்தும் பேச்சே எழாது. அந்தப் பலத்தோடு வளையத்தின் பதத்தையும் கேட்டு வாங்கினால் கோயிலுக்கும் கிட்டங்கிக்கும் அதைவிட நல்ல பூட்டு தேட வேண்டியதில்லை. மாங்காய்ப் பூட்டு என்ற பெயரில் வேறெங்கோ வார்த்து வரும் மலிவுச் சரக்கும் சந்தையில் இருக்கிறது, பார்த்து வாங்குங்கள்.

எல்லாம் சரியான பூட்டை வாங்கியபின் அதைப் பிடித்து நிற்கும் மரமும் திருகும்தான் மிச்சம். ஐரோப்பாவில் கதவு, நிலை, கீல், பூட்டு எல்லாவற்றையும் மொத்தமாக நிறுத்தி வைத்துச் சோதிக்கும் இ.என். 1627 என்ற தரம் உண்டு. அதில் ஆர்.சி. 2 என்பது திருப்புளி, ஆப்பு போன்ற கைக்கருவிகளை 3 நிமிடம் தாங்குவது. ஆர்.சி. 3 கடப்பாரையையும் சேர்த்து 5 நிமிடம். கவனியுங்கள், 'உடைக்கவே முடியாது' என்று எந்தத் தரமும் சொல்வதில்லை, நிமிடக் கணக்குதான். பூட்டை மட்டும் தனியாக ஆர்.சி. 3 என்று விற்கவும் முடியாது.

நம் பழைய வீடுகளின் பர்மாத் தேக்கு நிலையும் கதவும் இந்த விஷயத்தில் பெரிய சொத்து. ஆனால் அவற்றில் மூன்று இடங்களில் கோளாறு வருகிறது.

ஒன்று, இரட்டைக் கதவு. பூட்டு ஒரு பலகையில் இருக்கும். அதன் நாக்கு அடுத்த பலகைக்குள் போகும். அந்த இரண்டாவது பலகையை மேலும் கீழும் தாழ்ப்பாள் போட்டு இறுக்காவிட்டால், நடுவில் ஒரு தள்ளு தள்ளினால் இரண்டும் சேர்ந்து வளைந்து நாக்கு வழுக்கி வெளியே வந்துவிடும். மேல் தாழ்ப்பாள் நிலைக்குள் 20 மி.மீ.யும், கீழ்த் தாழ்ப்பாள் வாசற்படிக் கல்லில் அடித்த துளைக்குள் 20 மி.மீ.யும் இறங்க வேண்டும். கல்லில் இருக்கும் துளையில் செம்மண் அடைத்துக்கொண்டு தாழ்ப்பாள் பாதிதான் இறங்கும். வருடத்தில் ஒருமுறை கம்பியால் தோண்டி எடுக்க வேண்டும்.

இரண்டு, குடுமிக் கதவு. கீல் இல்லாமல் மேலும் கீழும் குடுமியில் சுழலும் பழைய கதவில், கீழ்க்குழி தேய்ந்து கதவு இறங்கிவிட்டால் மேலே இடைவெளி விழும். பிறகு கதவைத் தூக்கினால் குடுமி குழியிலிருந்து கழன்றுவிடும்; பூட்டு அப்படியே பத்திரமாக இருக்கும், கதவு வேறு பக்கம் திறந்துவிடும். கதவை மூடிவைத்து அடியில் சிறு கடப்பாரை கொடுத்து எவ்வளவு எழும்புகிறது என்று பாருங்கள். குடுமி உயரத்தில் பாதிக்கு மேல் எழும்பினால், நிலையின் உட்பக்கம், கதவின் தலைக்கு மேலே ஒரு தேக்குக் கட்டையைத் திருகி அந்த இடைவெளியை அடைத்துவிடுங்கள். செலவு பெரிதாக ஒன்றும் ஆகாது.

மூன்று, கொத்தும் இடம். மார்ட்டிஸ் பூட்டின் உடம்பு 16 முதல் 20 மி.மீ. கனம் இருக்கும். 30 மி.மீ. கதவில் அதற்குக் குழி கொத்தினால் இருபக்கமும் 5 முதல் 7 மி.மீ. மரம்தான் மிஞ்சும், ஓர் உதையில் பிளந்துவிடும். கதவு குறைந்தது 40 மி.மீ. இருந்தால்தான் மார்ட்டிஸ். நடுக்குறுக்குச் சட்டம் வந்து சேரும் இடத்தில் குழி எடுக்கக் கூடாது. அங்கே சட்டத்தை இணைக்கும் கழுந்து இருக்கிறது, அதை அறுத்துவிட்டால் கதவின் பிடிப்பே போய்விடும். ஒரு சாண் மேலோ கீழோ தள்ளி எடுக்க வேண்டும். சிற்ப வேலைப்பாடுள்ள முன்கதவில் குழியே எடுக்காதீர்கள். குழி இல்லாமல் உட்பக்கம் கதவின் மேலேயே திருகும் ரிம் லாக் போட்டாலே போதும். நூறு ஆண்டுக் கதவை 500 ரூபாய்ப் பூட்டுக்காகக் கெடுத்த வீடுகள் இங்கே நிறைய. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு தாங்கவில்லை.

நிலையில் பதிக்கும் தகடு கனமாகவும், திருகு 50 மி.மீ.க்குக் குறையாமலும் இருக்கட்டும். பூட்டுப் பெட்டியோடு வரும் அரை அங்குலத் திருகை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். காய்ந்த தேக்கில் நேராகப் பித்தளைத் திருகை முறுக்கினால் தலை முறிந்து உள்ளேயே நின்றுகொள்ளும். எட்டாம் நம்பர் திருகுக்கு 3 மி.மீ. துளை போட்டு, முதலில் அதே அளவு இரும்புத் திருகை மெழுகு தடவி ஏற்றி வழி உண்டாக்கி, கழற்றிவிட்டுப் பிறகு பித்தளையை ஏற்ற வேண்டும். ஆல்ட்ராப்பும் நாதாங்கியும் வெறும் ஸ்க்ரூவில் நிற்கக் கூடாது. கதவைத் துளைத்து 8 மி.மீ. கேரியேஜ் போல்ட் போட்டு, உட்பக்கம் 3 மி.மீ. கனத் தகடு வைத்து நட்டு இறுக்குங்கள். வெளியே வழவழப்பான உருண்டைத் தலைதான் தெரியும். ஸ்பானர் பிடிக்க இடமிருக்காது.

நாக்கு முழுதாக வெளியே வருகிறதா என்பதைச் சரிபார்க்க, நாக்கின் நுனியில் கொஞ்சம் குங்குமத்தைக் குழைத்துத் தடவிக் கதவை மூடிப் பூட்டித் திறந்து பாருங்கள். தகட்டுத் துளைக்குள் நேராகப் போனால் விளிம்பில் கறை இருக்காது. விளிம்பில் சிவப்பு ஒட்டியிருந்தால் அந்தப் பக்கம் இடிக்கிறது என்று பொருள். தகட்டை அந்த அளவுக்கு நகர்த்த வேண்டும். துளையின் ஆழம் நாக்கின் நீளத்தைவிட 3 முதல் 5 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டு சுற்றுப் பூட்டு ஒன்றரைச் சுற்றோடு நின்றால் துளையில் தூசி அடைத்திருக்கிறது. அந்த நிலையில் நாக்கு நிலைத்து நிற்காது, பின்னால் தள்ளினால் உள்ளே போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊதிக் கதவு பிடிக்கும்போது சாவியை மல்லுக்கட்டித் திருப்பாதீர்கள். கதவைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள். பூட்டுக்குள் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கத்தை அருள்கூர்ந்து விட்டுவிடுங்கள். நாலு மாதத்தில் அது செம்மண் தூசியோடு பிசினாகி பின்னைப் பிடித்துக்கொள்ளும். கிராஃபைட் தூள் கடையில் கிடைக்கும். இல்லாவிட்டால் பென்சில் முனையைச் சீவி அந்தத் தூளைச் சாவியில் தடவி நாலு முறை போட்டு எடுங்கள்.

டிஜிட்டல் பூட்டு வாங்குகிறவர்கள் 'ஐ.பி. 65' என்பதைப் பாதுகாப்பு எண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது தூசியும் தண்ணீரும் புகாமல் இருப்பதற்கான எண். கைரேகை எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், அவசரத்துக்கு என்று ஒரு சாவித் துளை கொடுத்திருப்பார்கள். அந்தச் சிலிண்டருக்கும் மேலே சொன்ன எட்டு இடக் குறியீட்டைக் கேளுங்கள். ஆறு மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டில் பேட்டரி கசிந்து உள்ளே பலகையை அரித்துவிடும். அத்தகைய வீட்டுக்குச் சாவிப் பூட்டே நல்லது.

வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் உட்பக்கமும் சாவி போட்டுத் திறக்கும் பூட்டு வேண்டாம். உள்ளே குமிழைத் திருப்பினால் திறக்கிற வகை வாங்குங்கள். பிரிட்டனில் அதற்குத் தனியாக பி.எஸ். 8621 என்ற தரமே இருக்கிறது.

செட்டிநாட்டுக்கே உரிய சிக்கல், சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்பது. ஐந்தாறு புள்ளிகளுக்கு, அதாவது பங்காளிக் குடும்பங்களுக்கு, பொதுவான வீட்டில் ஆளுக்கொரு சாவி, காவல்காரரிடம் ஒன்று, கணக்குப்பிள்ளையிடம் ஒன்று என்று போய்க்கொண்டே இருக்கும். சாதாரணச் சாவியைத் தெருமுனையில் அரை மணி நேரத்தில் இன்னொன்று வெட்டி வாங்கிவிடலாம். அட்டை காட்டினால் மட்டுமே நகல் வெட்டித் தரும் காப்புரிமைச் சாவி கொண்ட சிலிண்டர் கிடைக்கிறது. விலை கூடத்தான், பங்குபோட்டால் ஆளுக்குச் சொற்பம். அட்டையைப் பங்காளிகளில் ஒருவர் வைத்துக்கொண்டு, யாருக்கு எத்தனையாவது சாவி என்று ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். ஒரு சாவி தொலைந்தால் பூட்டு முழுவதையும் கழற்ற வேண்டாம். அந்த எம்-5 திருகை எடுத்து, சாவியைச் செருகிச் சிறிது திருப்பி இழுத்தால் சிலிண்டர் மட்டும் வந்துவிடும். அதே அளவில் புதியதை வைத்தால் பத்து நிமிட வேலை.

முன்வாசலுக்கு ஆறாம் படி பூட்டைப் போட்டுவிட்டு அடுத்த தெருவில் திறக்கும் பின்வாசலைப் பழைய கொண்டியோடு விட்டுவைக்காதீர்கள். மொட்டை மாடிக் கதவும், வளவின் முற்றத்துக்கு மேலே போட்ட இரும்புக் கம்பி வலையும் அதே வரிசையில் சேர்ந்தவை. கம்பி வலையைச் சுவரில் வெறும் சிமென்ட் பூசிப் பதித்திருந்தால் அதன் காலைத் தட்டிப் பாருங்கள். ஆடினால் கான்கிரீட்டில் நங்கூர போல்ட் போட்டு மறுபடி கட்ட வேண்டும். பணம் அளவாக இருந்தால் எல்லாக் கதவுக்கும் நடுத்தரப் பூட்டு போடுவது, ஒன்றுக்கு மட்டும் உயர்ந்ததைப் போடுவதைவிட மேல்.

வீட்டுக்குத் திருட்டுக் காப்பீடு எடுத்திருப்பவர்கள், பூட்டு வாங்கிய ரசீது, குறியீடு அச்சிட்ட பெட்டியின் பக்கம், பொருத்தியபின் கதவின் உள்ளும் புறமும் எடுத்த படம் மூன்றையும் பாலிசியோடு வைத்திருங்கள். இழப்பீடு கேட்கும்போது பலவந்தமாகப் புகுந்ததற்கான அடையாளம் கேட்பார்கள். உடைந்த சிலிண்டரையோ வளையத்தையோ போலீசாரும் மதிப்பீட்டாளரும் பார்க்கும் முன் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வீடு தொடர்ந்து 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை பல பாலிசிகளில் இருக்கும். நம் ஊரில் பாதி வீடுகள் அந்தக் கணக்கில்தான் வரும். புதுப்பிக்கும்போது அந்தப் பக்கத்தைப் படித்து, எழுத்து மூலமாகத் தெரிவித்து, அதற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கதவு, பூட்டு பொருத்தும் தச்சுத் தொழிலாளர்கள் சிலர்,
காரைக்குடி.